புள்ளி எந்தக் கணக்கில் ஏறட்டும்? விமானப் புள்ளித் திட்டம் மாற நினைக்கும் செட்டிநாட்டுப் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நகரத்தார் வீடுகளில் புள்ளி என்றால் கல்யாணமான தம்பதிக் கணக்கு. கோயிலுக்குப் புள்ளி வரி கட்டுவதும் அந்தக் கணக்கில்தான். இங்கே பேசப்போவது வேறு புள்ளி: விமானத்தில் பறந்தால் சேரும் மைல், பாயின்ட், ஏவியோஸ் (பிரிட்டிஷ் ஏர்வேஸ், கத்தார் ஏர்வேஸ் போன்றவை தரும் புள்ளியின் பெயர்). சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, லண்டன், அமெரிக்கா என்று பிள்ளைகள் சிதறிக் கிடக்கும் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர்ப் பக்கத்து வீடுகளுக்காக எழுதியது.

மாறுவதற்கு முன் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

உங்கள் ஐந்தொகையை. கடந்த இரண்டு வருடத்தில் வீட்டில் யார் யார் எங்கிருந்து எங்கே பறந்தார்கள், எந்த விமானம், என்ன கட்டணம் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இ-டிக்கெட்டில் விமான எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அதையும் குறியுங்கள். அதுதான் கட்டண வகுப்பு. எக்கானமி என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் பத்துக்கு மேற்பட்ட எழுத்துகள் உண்டு. ஒரே வரிசையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தவர்களில் ஒருவருக்கு முழுத் தூரத்துக்கும் மைல் கிடைக்கும், இன்னொருவருக்குப் பாதி, மூன்றாமவருக்கு ஒன்றுமே இல்லாமலும் போகும்.

அடுத்த பன்னிரண்டு மாதத்தில் உறுதியாக இருக்கும் பயணங்களையும் கீழே எழுதுங்கள். பேரன் காதுகுத்து, அறுபதாம் கல்யாணம், பிரசவத்துக்குப் போய் மூன்று மாதம் இருப்பது எல்லாம் சேரும். விளம்பரத்தில் எவ்வளவு போனஸ் என்று பார்க்காதீர்கள். இந்தத் தாளில் எந்த விமானம் அதிகம் வருகிறதோ, அதன் புள்ளியை ஏற்கும் திட்டம்தான் உங்களுக்கானது.

நமக்குத் திருச்சிதான் பக்கம். அங்கே ஏறினால் எந்தத் திட்டத்தில் புள்ளி சேரும்?

காரைக்குடியிலிருந்து திருமயம், புதுக்கோட்டை வழியாகப் போனால் திருச்சி விமான நிலையம் ஊருக்குள் நுழையாமலே வந்துவிடும். வசதிக்குக் குறைவில்லை. 2024 ஜூனிலிருந்து புது முனையமும் இயங்குகிறது. ஆனால் புள்ளிக் கண்ணோடு பார்த்தால் திருச்சி பெரும்பாலும் மலிவுக் கட்டண விமானங்களின் ஊர்.

ஸ்கூட்டில் ஏறினால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையரில் மைல் சேரும். ஆனால் ஸ்கூட், ஒருவர் புள்ளியை ஒருவர் ஏற்கும் விமான நிறுவனங்களின் கூட்டணியான ஸ்டார் அலையன்ஸில் இல்லை. எனவே கூட்டணியிலிருக்கும் வேறு நிறுவனத்தின் உறுப்பினர் எண்ணைக் கொடுத்து அதில் ஏற்ற முடியாது. ஏர் இந்தியா எக்ஸ்பிரசும் கூட்டணியில் இல்லை. தாய் நிறுவனமான ஏர் இந்தியா மட்டும் 2014 ஜூலையிலிருந்து உறுப்பினர். ஏர்ஏசியாவின் புள்ளி அதன் சொந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றும். இண்டிகோவுக்கு 2024-ல் தொடங்கிய ப்ளூசிப் இருக்கிறது. அதுவும் தனிக் கணக்குதான், ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்டு எதிலும் சேராது.

பலரும் கவனிக்காமல் விடுவது ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸை. கொழும்புக்குத் திருச்சியிலிருந்தும் மதுரையிலிருந்தும் பறக்கிறது. 2014 மே முதல் ஒன்வேர்ல்டு கூட்டணியில் இருக்கிறது. அதனால் அதில் பறந்த புள்ளியை அதன் சொந்த ஃபிளைஸ்மைல்ஸில்தான் போட வேண்டும் என்பதில்லை. கத்தார் ஏர்வேஸ், பிரிட்டிஷ் ஏர்வேஸ் போன்ற கூட்டாளிகளின் கணக்கிலும் ஏற்றலாம்.

மகன் சிங்கப்பூரில். வருடத்துக்கு இரண்டு தடவை போய் வருகிறோம். கிரிஸ்ஃபிளையரா, ஏர் இந்தியாவின் மகாராஜா கிளப்பா?

திருச்சியிலிருந்து ஸ்கூட்டில்தான் போகிறீர்கள் என்றால் கேள்விக்கே இடமில்லை, கிரிஸ்ஃபிளையர். சேரக் கட்டணம் கிடையாது. இரண்டு வயது நிறைந்த குழந்தைக்கும் தனிக் கணக்கு திறக்கலாம்.

ஆனால் அதில் பெரிய பதவி (அடிக்கடி பறப்பவருக்கு நிறுவனம் தரும் சில்வர், கோல்டு போன்ற தரம்) கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். எலீட் சில்வருக்குப் பன்னிரண்டு மாதத்துக்குள் 25,000 எலீட் மைல் (பதவிக்கென்று எண்ணும் மைல்) வேண்டும், எலீட் கோல்டுக்கு 50,000. சென்னை–சிங்கப்பூர் தூரம் ஏறக்குறைய 1,800 மைல், போக வர 3,600. முழு மைல் தரும் டிக்கெட்டிலேயே கோல்டுக்குப் பதினான்கு தடவை போய் வர வேண்டும். மிக மலிவான லைட் கட்டணத்தில் தூரத்தில் பாதிதான் கணக்கு, ஆக இருபத்தெட்டு தடவை. வாரா வாரம் வியாபாரத்துக்குப் போகிறவருக்குச் சரி, பேரன் பேத்தியைப் பார்க்கப் போகிறவருக்கு ஆகாது.

வேறொரு விஷயத்தை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. கிரிஸ்ஃபிளையரில் குடும்பத்தினரின் மைல்களை ஒரே கணக்கில் கூட்டிவைக்க வழியில்லை. ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு இருப்பு. ஒருவர் தன் மைலில் மற்றவருக்கு டிக்கெட் எடுக்கலாம், அதற்கு ஐந்து பேரை நாமினியாகப் பதிந்துகொள்ள வேண்டும். பட்டியலில் ஆளை மாற்றக் கட்டணம் உண்டு. எனவே அந்த ஐந்து இடத்தை யோசித்து நிரப்புங்கள். மூன்று மகன், மூன்று மருமகள் என்றால் முதல் நாளே இடம் தட்டும்.

ஸ்கூட்டை விட்டுவிட்டு, சென்னை போய் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் ஏறினால் மைல் அதிகம் வருமே?

வரும். ஆனால் கணக்குப் போட்டுவிட்டுப் போங்கள். காரைக்குடியிலிருந்து சென்னை நானூறு கிலோமீட்டருக்கு மேல். பல்லவனில் போனால் ஒரு பகல் போய்விடும். ரயில் கட்டணம், ஆட்டோ, தேவைப்பட்டால் ஒரு ராத்திரி அறை வாடகை எல்லாவற்றையும் கூட்டுங்கள்.

மைலின் மதிப்பைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் கணக்கு போதும். காசு கொடுத்து வாங்கினால் ஒரு டிக்கெட் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே விமானத்துக்கு 20,000 மைலும் 4,000 ரூபாய் வரியும் கேட்கிறார்கள். 24,000-ல் 4,000 கழித்து 20,000-ஆல் வகுத்தால் மைலுக்கு ஒரு ரூபாய். இந்தக் கணக்கில், கூடுதலாகக் கிடைக்கும் 2,000 மைலுக்காக 3,500 ரூபாயும் ஒரு நாளும் செலவழிப்பது நஷ்டம். வயதானவர்கள் கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம், திருச்சிதான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சிங்கப்பூரோடு நிற்காமல் அதற்கப்பால் நீண்ட தூரம் போகிறவர்கள் முழுப் பயணத்தையும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஒரே டிக்கெட்டாக வாங்குவது நல்லது. திருச்சி–சிங்கப்பூர் ஒரு டிக்கெட், அங்கிருந்து வேறு டிக்கெட் என்று பிரித்து வாங்கினால் முதல் விமானம் தாமதமாகும்போது அடுத்ததை இழப்பீர்கள். அப்போது எந்த கார்டும் காப்பாற்றாது.

மகள் லண்டனில், இன்னொருத்தி மெல்பர்னில். நமக்கு எது தோது?

கொழும்பு வழியை முதலில் விலை பாருங்கள். ஸ்ரீலங்கன் கொழும்பிலிருந்து லண்டனுக்கும் மெல்பர்ன், சிட்னிக்கும் நேராகப் பறக்கிறது. திருச்சியிலோ மதுரையிலோ பையைக் கொடுத்தால் போய்ச் சேரும் ஊரில் எடுத்துக்கொள்ளலாம், சென்னைக்கு அலைச்சலில்லை. இந்தப் பயணத்தின் புள்ளியை ஏவியோஸாக எடுக்கும் திட்டம் ஒன்றில் போடுவது எங்கள் பரிந்துரை. லண்டன்காரர் வீட்டுக்கு ஏவியோஸ் இரண்டு விதத்தில் உதவும். பிரிட்டிஷ் ஏர்வேஸுக்குச் சென்னை–லண்டன் நேரடி விமானம் உண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் கணக்கையும் கத்தார் ஏர்வேஸ் கணக்கையும் இணைத்துவிட்டால் ஏவியோஸை இங்குமங்கும் மாற்றிக்கொள்ளலாம்.

ஆனால் இரண்டு இடத்தில் கால் இடறும். பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2025 ஏப்ரலிலிருந்து பதவியைச் செலவழித்த பணத்தை வைத்துக் கொடுக்கிறது. வருடத்துக்கு ஒரு முறை எக்கானமியில் போகிறவர் அதில் ஏறவே முடியாது. அடுத்தது, புள்ளியில் எடுக்கும் ‘இலவச’ டிக்கெட்டிலும் நிறுவனம் விதிக்கும் கூடுதல் கட்டணம் தனியாக வரும். லண்டன் பயணத்தில் அது கணிசமான தொகை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமானங்களில் மைல் டிக்கெட்டுக்கு எரிபொருள் கூடுதல் கட்டணத்தை 2017-லேயே எடுத்துவிட்டது. ஒப்பிடும்போது இதை மறக்காதீர்கள்.

வளைகுடாவில் வேலை. எமிரேட்ஸா, கத்தாரா?

இரண்டுமே திருச்சிக்கும் மதுரைக்கும் வருவதில்லை. சென்னை, கொச்சி, திருவனந்தபுரம் போக வேண்டும். அதற்குத் தயார் என்றால் இப்படிப் பிரிக்கலாம்.

வீட்டில் நாலைந்து பேர் பறக்கிறீர்கள், பதவி முக்கியமில்லை, எல்லார் மைலும் ஓரிடத்தில் சேர வேண்டும் என்றால் எமிரேட்ஸின் ஸ்கைவார்ட்ஸ். அதன் குடும்பக் கணக்கில் எட்டுப் பேர் வரை சேர்ந்து, கிடைக்கும் மைல் முழுவதையும் பொதுவில் போடலாம். கூட்டுக் குடும்பத்துக்கென்றே செய்தது போலிருக்கும். எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை என்பது குறை. ஒரே ஆள் அடிக்கடி பறக்கிறார், லவுஞ்ச் (விமான நிலைய ஓய்வுக்கூடம்) உள்ளிட்ட சலுகைகள் மற்ற விமானங்களிலும் செல்ல வேண்டும் என்றால் கத்தாரின் பிரிவிலேஜ் கிளப். அதன் கோல்டு, ஒன்வேர்ல்டு கூட்டணியில் சஃபையர் என்ற தரத்துக்குச் சமம்.

திருச்சியிலிருந்து ஏர் இந்தியா எக்ஸ்பிரசிலோ இண்டிகோவிலோ மட்டும் போய் வருகிறவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிடலாம். விலை எது குறைவோ அதில் ஏறுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் எதற்கு மாறுவது?

ஸ்டார் அலையன்ஸ் விமானங்களில் நிறையப் பறக்கிறவராக இருந்தால் யுனைடெட்டா, ஏர் இந்தியா அல்லது சிங்கப்பூர் போன்ற வெளிநாட்டுத் திட்டமா என்பதுதான் கேள்வி. யுனைடெட்டின் மைல் காலாவதியாவதில்லை, 2019-லிருந்து அப்படி. ஆனால் யுனைடெட்டிலேயே கோல்டு வாங்கியவர் அமெரிக்க உள்நாட்டுப் பயணத்தில் அந்தப் பதவியை வைத்து அதன் லவுஞ்சுக்குள் போக முடியாது. வேறு நாட்டுத் திட்டத்தில் ஸ்டார் கோல்டு (ஸ்டார் அலையன்ஸ் கூட்டணி முழுவதும் செல்லும் கோல்டு தரம்) வாங்கியவர் அதே விமானத்துக்கு, அதே லவுஞ்சுக்குள் போகலாம். மாதா மாதம் உள்நாட்டில் பறக்கும் மென்பொருள்காரர்களுக்கு இது பெரிய வித்தியாசம். மகாராஜா கிளப்பின் கோல்டு, பிளாட்டினம் இரண்டும் ஸ்டார் கோல்டுக்குச் சமம்தான்.

ஊரிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் வந்து போகும் அப்பா அம்மாவுக்குப் பதவி ஆசை வேண்டாம். சென்னை–சிங்கப்பூர்–சான் பிரான்சிஸ்கோ போக வர 20,500 மைல் வரும். முழு மைல் டிக்கெட்டாக இருந்தாலும் கிரிஸ்ஃபிளையரின் சில்வருக்கே எட்டாது. அவர்களுக்கு அடுத்த பயணமும் எந்த நிறுவனத்தில் இருக்குமோ அதில் சேர்த்தால் போதும்.

விஸ்தாராவில் சேர்த்த புள்ளி என்ன ஆயிற்று?

2024 நவம்பர் 12-ல் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு இணைந்தபோது கிளப் விஸ்தாரா கணக்கும் ஏர் இந்தியாவின் திட்டத்துக்குப் போனது. அந்தத் திட்டத்தின் இன்றைய பெயர் மகாராஜா கிளப். இரண்டிலும் கணக்கு வைத்திருந்து, பெயரோ மின்னஞ்சலோ வெவ்வேறாக இருந்தால் இன்னும் இரண்டு எண்களாகவே கிடக்கலாம். உள்ளே போய்ப் பார்த்து ஒன்றாக்கச் சொல்லுங்கள்.

பழைய திட்டத்தின் புள்ளியைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாமா?

ஏவியோஸ் குடும்பத்துக்குள் முடியும். மற்றபடி பொதுவாக முடியாது. மாறுவது என்றால் இனி வருவதைப் புதுக் கணக்கில் போடுவது, பழையதைச் செலவழித்துத் தீர்ப்பது. அவ்வளவே.

கிரெடிட் கார்டு புள்ளியை விமான மைலாக மாற்றலாம். அது ஒருவழிப் பாதை, திரும்பி வராது. கார்டில் உள்ள பெயரும் விமானக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். மைல் உடனே ஏறும் என்றும் நம்பக் கூடாது. எனவே எந்த நாளில் எந்த விமானத்தில் இடம் இருக்கிறது என்று பார்க்காமல் மொத்தத்தையும் தூக்கிப் போடாதீர்கள். மைல் இருப்புக்கு வட்டி கிடையாது, விலைப்பட்டியலை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் ஏற்றும். வட்டி வராத இருப்பை வளரவிடக் கூடாது என்று செட்டிநாட்டில் சொல்லித்தர வேண்டியதில்லை.

காலாவதிக் கணக்கு எப்படி?

இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள், ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒவ்வொரு கணக்கு என்பதால்.

கிரிஸ்ஃபிளையர் மைலுக்கு ஆயுள் மூன்று வருடம். நடுவே எத்தனை தடவை பறந்தாலும் பழைய மைலின் ஆயுள் நீளாது. ஸ்கைவார்ட்ஸும் மூன்று வருடம்தான், ஆனால் உங்கள் பிறந்த மாதக் கடைசியில் கழியும். ஏவியோஸ் நேர்மாறு. முப்பத்தாறு மாதத்துக்குள் ஒரு தடவையாவது சேர்த்தாலோ செலவழித்தாலோ மொத்த இருப்புக்கும் ஆயுள் புதுப்பிக்கப்படும். எப்போதாவது பறக்கும் பெரியவர்களுக்கு ஏவியோஸ் பொருந்துவது இதனால்தான்.

பெரும்பாலான திட்டங்களில் மைல் சொத்தாகக் கருதப்படாது, வாரிசுக்கும் போகாது. ஐயா, ஆயா பெயரில் பெரிய இருப்பு இருந்தால் அவர்கள் இருக்கும்போதே அவர்கள் பயணத்துக்கே செலவழியுங்கள்.

வேறு நிறுவனத்தின் கோல்டைக் காட்டி இங்கேயும் கோல்டு வாங்கலாமாமே?

ஸ்டேட்டஸ் மேட்ச் என்பார்கள். சில நிறுவனங்கள் தருகின்றன, சில தருவதில்லை, சில பணம் வாங்கிக்கொண்டு தருகின்றன. கேட்பது கார்டு படம், தேதியுள்ள கணக்கு அறிக்கை, சில நேரம் பாஸ்போர்ட் பக்கம். பதவிதான் வரும், புள்ளி வராது. பதவியும் பெரும்பாலும் சில மாதத் தவணை. அதற்குள் இத்தனை பயணம் செய்தால்தான் நீடிக்கும் என்று நிபந்தனை இருக்கும்.

செய்யும் தவறு, ஆசைப்பட்டு உடனே விண்ணப்பிப்பது. பல இடங்களில் இது ஒருவருக்கு ஒரு தடவைதான். தவணை ஓடும் மாதங்களில் பயணம் இல்லையென்றால் வாய்ப்பு வீண். டிக்கெட் கைக்கு வந்தபின், கிளம்ப மூன்று, நான்கு வாரம் இருக்கும்போது விண்ணப்பியுங்கள்.

கோல்டு இருந்தால் பலகாரத்துக்குக் கூடுதல் எடை கிடைக்குமா?

இதுதான் உண்மையான கேள்வி! சீப்புச் சீடை, மனகோலம், மாவுருண்டை, வத்தல், மசாலாப் பொடி, இரண்டு எவர்சில்வர் அடுக்கு என்று கட்டினால் 30 கிலோ எங்கே போதும்?

ஸ்டார் கோல்டு உள்ளவருக்கு எடைக் கணக்கில் பறந்தால் 20 கிலோ கூடுதல், பெட்டிக் கணக்கில் பறந்தால் ஒரு பெட்டி கூடுதல். இது கூட்டணி விமானங்களில் மட்டும். ஸ்கூட்டிலும் ஏர் இந்தியா எக்ஸ்பிரசிலும் செல்லாது. கோல்டு உள்ளவருக்கு மட்டும்தான், கூட வரும் ஆச்சிக்குச் சேராது. ஸ்கூட்டின் அடிப்படைக் கட்டணத்தில் செக்-இன் பை கிடையாது. டிக்கெட் எடுக்கும்போதே கிலோவை வாங்குங்கள், கவுண்டரில் வாங்கினால் அதிகம். வருடத்துக்கு இரண்டு பயணத்துக்கு எடை வாங்கும் செலவு, பதவிக்காக விலை கூடிய விமானத்தைத் துரத்தும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

பெயரில் இனிஷியல் இருக்கிறது. அதனால் புள்ளி ஏறாமல் போகுமா?

போகும். நம் பக்கத்தில் இதுதான் முதல் காரணம். ராம., சித., அழ., மெ. என்று இரண்டு மூன்று இனிஷியல். பாஸ்போர்ட்டில் அது விரிந்து தகப்பனார், பாட்டனார் பெயராக நிற்கும். கணக்குத் திறக்கும்போது பழக்கத்தில் இனிஷியலை மட்டும் போட்டிருப்பீர்கள். டிக்கெட் பாஸ்போர்ட்படி இருக்கும். இரண்டும் ஒட்டாது.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் எப்படி இருக்கிறதோ அப்படியே கணக்கிலும் போடுங்கள். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் சில நிறுவனங்கள் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சில ‘எஃப்என்யு’ (முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று நிரப்பும். உங்கள் நிறுவனம் டிக்கெட்டில் எப்படிப் போடுகிறது என்று பார்த்து, கணக்கையும் அதே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். தவறாகத் திறந்துவிட்டால் இன்னொரு கணக்குத் திறக்காதீர்கள். பாஸ்போர்ட் நகல் அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள்.

ஊர் ஏஜென்டிடம் டிக்கெட் எடுத்தால் புள்ளி உண்டா?

சாதாரணக் கட்டணமாக இருந்தால் உண்டு. உறுப்பினர் எண்ணை எடுக்கும்போதே கொடுக்க வேண்டும். கல்யாணக் கோஷ்டிக்கு மொத்தமாக எடுக்கும் குரூப் டிக்கெட்டில் பெரும்பாலும் புள்ளி இல்லை. ஏஜென்ட் தன் மின்னஞ்சலையும் தன் கைப்பேசி எண்ணையும் போட்டு உங்களுக்குக் கணக்குத் திறந்து தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பின்னால் கடவுச்சொல் மாற்ற ஓடிபி அவருக்குத்தான் போகும். பாதி விலையில் ‘மைல் டிக்கெட்’ என்று யாரோ விற்பதையும் வாங்காதீர்கள். மைலை விற்பது விதிமீறல். கண்டுபிடித்தால் நிறுவனம் டிக்கெட்டை ரத்து செய்யும், கவுண்டரில் நிற்பது நீங்கள்.

புள்ளி இருந்தும் டிசம்பரில், தைப்பூசத்தில் இடமே கிடைப்பதில்லையே?

சிங்கப்பூரில் ஜூனும் டிசம்பரும் பள்ளி விடுமுறை. தை, மாசியில் இங்கே கல்யாணம். தைப்பூசத்துக்கு டேங்க் ரோடு முருகன் கோயிலுக்கும் பினாங்குக்கும் போகிற கூட்டம் வேறு. குறைந்த மைலுக்கு ஒதுக்கும் இருக்கை ஒவ்வொரு விமானத்திலும் சிலதான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 355 நாளுக்கு முன்பே முன்பதிவைத் திறக்கிறது, முகூர்த்தம் குறித்த அன்றே பாருங்கள். நெரிசல் மாதத்தில் காசு கொடுத்துவிட்டு, ஆடியிலும் புரட்டாசியிலும் மைலைச் செலவழிப்பது இன்னும் எளிது.

பறந்து வந்துவிட்டோம், புள்ளி ஏறவில்லை. என்ன செய்வது?

ஒரு வாரம் பொறுங்கள். பிறகு நிறுவனத்தின் தளத்தில் விடுபட்ட மைல் கோரும் பக்கத்தில் டிக்கெட் எண்ணைக் கொடுங்கள். முன்பதிவு எண் வேறு, டிக்கெட் எண் வேறு. டிக்கெட் எண் பதின்மூன்று இலக்கம், முதல் மூன்றும் நிறுவனத்தைக் காட்டும்: ஏர் இந்தியா 098, எமிரேட்ஸ் 176, கத்தார் 157, ஸ்ரீலங்கன் 603, சிங்கப்பூர் 618. கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில், பறந்து ஆறு மாதத்துக்குள் கேட்க வேண்டும்.

போர்டிங் பாஸைப் புள்ளி ஏறும்வரை தூக்கிப் போடாதீர்கள். கைப்பேசியில் இருந்தால் விமானம் ஏறுமுன் திரையைப் படமெடுத்துக்கொள்ளுங்கள், பயணம் முடிந்ததும் செயலியிலிருந்து மறைந்துவிடும். திட்டம் மாறியவர்கள் அதில் அச்சான உறுப்பினர் எண்ணையும் பாருங்கள். முன்பே எடுத்த டிக்கெட்டுகளில் பழைய எண்ணே ஒட்டிக்கொண்டிருக்கும். செக்-இன் கவுண்டரிலேயே மாற்றச் சொல்லலாம். ஆனால் பழைய எண்ணின் பதவியால் கிடைத்த கூடுதல் எடையோ முன்வரிசை இருக்கையோ இருந்தால், எண்ணை மாற்றியதும் அதுவும் போகும். சலுகை ஒரு எண்ணில், புள்ளி இன்னொரு எண்ணில் என்று பிரிக்க முடியாது. பெட்டி கனமாக இருந்தால் அந்த ஒரு பயணத்துக்குப் பழைய எண்ணையே விட்டுவிடுங்கள்.